பொங்கலுக்கு பைக்கில் ஊருக்குப் போறீங்களா? பையில் என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட், மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் வேலை பார்க்கிற பசங்க ஷிப்ட் முடிஞ்ச கையோட பைக்கை எடுத்துக்கிட்டு திண்டிவனம், விழுப்புரம், கள்ளக்குறிச்சின்னு கிளம்பிடுவாங்க. ரயில்ல டிக்கெட் கிடைக்காது. இந்தக் கோடியிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்றதுக்கே பாதி ராத்திரி போயிடும். அதனால பைக்ல போகாதீங்கன்னு சொல்ல நான் வரல. சொன்னாலும் யாரும் கேட்க மாட்டீங்க.

பையில என்ன எடுத்து வைக்கணும், எதை எங்க வைக்கணும், எதை வைக்கவே கூடாதுன்னு மட்டும் சொல்றேன். நான் மெக்கானிக் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவமனையில் கேஷுவால்டி பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். டூட்டிக்கு தினமும் பைக்லதான் போறேன், வர்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம். டீ குடிச்சுக்கிட்டே படிங்க.

முதல்ல ஒருத்தரைப் பத்தி சொல்லணும். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியாம இருக்க வயசையும் ஊரையும் மாத்தியிருக்கேன்.

24 வயசு தம்பி. ஒரு கம்பெனியில ஒப்பந்தத் தொழிலாளி, ஃபிட்டருக்கு உதவியாள். ஊர் திண்டிவனம் தாண்டி. போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிச்சு, ரூமுக்குப் போய்க் குளிச்சுட்டு, இருட்டினதுக்கு அப்புறம் கிளம்பியிருக்கார். பின்னாடி இன்னொரு பையன். மீஞ்சூர்ல வெளிவட்டச் சாலை ஏறினா 62 கிலோமீட்டர்ல வண்டலூர். சிட்டிக்குள்ள போகவே வேண்டாம். இந்தப் பக்கம் இருக்கிற எல்லாரும் அந்த வழிதான் எடுப்பாங்க.

வழியில செயின் கழண்டிருக்கு. வண்டியை இடது ஓரம் நிறுத்தி, பின்சக்கரத்துக்குப் பக்கத்துல குந்தி உட்கார்ந்து, செல்போன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு செயினை மாட்டியிருக்கார். கூட வந்த பையன் சிறுநீர் கழிக்க சாலையை விட்டு கீழே இறங்கிட்டான். வேலை கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு. பின்னாடி வந்த வண்டி பைக்கோட சேர்த்து இவரையும் இடிச்சுட்டுப் போயிடுச்சு. நிக்கல.

108-ல எங்ககிட்ட வந்தாங்க. இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. ரத்தத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஊசி வழியா திரவம் ஏத்தி, சென்னைக்கு அனுப்பினோம். உயிர் பிழைச்சார். காலைக் காப்பாத்த முடியல.

அவரை அனுப்பின பிறகு வழக்கம்போல உடைமைகளைப் பட்டியல் போட்டோம். ஸ்டாஃப் நர்ஸ் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்ல நான் எழுதினேன். புடவை ஒண்ணு, ஜவுளிக்கடை கவர் பிரிக்காம. வேட்டி ஒண்ணு. மிக்சர் பாக்கெட். சார்ஜர். அதுக்கு அடியில ஒரு பழைய பேண்ட் துணியில சுருட்டிக் கட்டின கட்டு. பிரிச்சா வரிசையா ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், ஒரு செயின் லாக், பழைய கிளட்ச் கேபிள், இன்சுலேஷன் டேப், கிரீஸ் ஒரு சின்ன டப்பாவில. அவ்வளவு அழகா அடுக்கியிருந்தார். என் வண்டியில அதுல பாதி கூட கிடையாது.

அதாவது வண்டி நின்னா என்ன பண்ணணும்னு முழுசா யோசிச்சு வச்சிருந்தவர் அவர். வண்டி நிக்கிற அந்தப் பத்து நிமிஷம் தான் எங்க இருப்போம், பின்னாடி வர்றவனுக்குத் தெரிவோமான்னு மட்டும் யோசிக்கல. அவர் மட்டும் இல்லை. நம்மில் யாரும் யோசிக்கிறதில்லை.

கூட வந்த பையன்கிட்ட, “டெயில் லேம்ப் எரிஞ்சதா?”ன்னு கேட்டேன். “எரிஞ்சுது சார். ஆனா பை கட்டியிருந்தோம்ல”ன்னான்.

பெரிய டிராவல் பை. சீட்டுக்குப் பின்னாடி, கேரியர்ல. அது கீழே தொங்கி டெயில் லேம்ப்பையும் ஒரு பக்க இண்டிகேட்டரையும் மறைச்சிருக்கு. இவர் போட்டிருந்தது கருநீல சட்டை.

காலையில டூட்டி முடிஞ்சு வெளியே வந்து என் வண்டியைப் பார்த்தேன். மழைக்காலத்துல வாங்கின ரெயின் கோட்டைச் சுருட்டி பின்னாடி கட்டி வச்சிருந்தேன். மார்கழி முடியப் போகுது, இன்னும் அவிழ்க்கல. டெயில் லேம்ப்ல பாதியை அது மூடியிருந்தது. எத்தனை ராத்திரி அப்படியே வல்லூர் அனல் மின் நிலையம் தாண்டி கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல ஓட்டியிருப்பேன்னு தெரியல.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். டிரைவர் உங்களைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும்னு வச்சுக்கோங்க. அதுக்குள்ள 25 மீட்டர் போயாச்சு. அதுக்கு அப்புறம்தான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். லோடு ஏத்தின டிரெய்லர் நிக்க இன்னும் 30 மீட்டருக்கு மேல வேணும். டிப் லைட் வெளிச்சத்துல இருட்டு நிறச் சட்டை போட்டவர் தெரியறதே ஏறக்குறைய 30 மீட்டர்லதான். டிரைவர் குடிக்காதவரா இருக்கலாம், நல்லவரா இருக்கலாம், தூங்காதவரா இருக்கலாம். கணக்கு இடிக்குது.

ஒளியைத் திருப்பி அடிக்கிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டிருந்தா நூறு மீட்டருக்கு அப்பாலேயே தெரிவீங்க. நூறு, நூத்தம்பது ரூபாய்தான். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு கம்பெனியிலேயே கொடுத்திருப்பாங்க. ஷிப்ட் முடிஞ்சதும் லாக்கர்ல கழட்டி வச்சுட்டு வந்துடுவீங்க. ஊருக்குப் போற நாள் மட்டும் கேட்டு வாங்கிட்டு வாங்க.

அதை பையோட அடியில வைக்கக் கூடாது. போட்டுக்கிட்டே போறது நல்லது. புழுக்கமா இருக்குன்னா பைக்கு மேல, ஜிப் திறக்காம எடுக்கிற மாதிரி செருகிக்கோங்க. வண்டி நின்னா முதல்ல கை போக வேண்டியது ஸ்பேனருக்கு இல்லை, இந்த ஜாக்கெட்டுக்கு.

அடுத்தது எங்க நிக்கறதுன்னு. பஞ்சர் ஆன இடத்துலேயே பஞ்சர் பார்க்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. காற்று இறங்கின டயர்ல, கூட இருக்கிறவரை இறக்கிட்டு, இண்டிகேட்டரைப் போட்டு, ஓரமாவே நடை வேகத்துல உருட்டிக்கிட்டுப் போகலாம். டியூப் கிழியும். டயரும் போகலாம். ரெண்டாயிரம், மூவாயிரம் செலவாகும். அதை நான் கொடுக்க முடியாது, ஆனா செலவு பண்ணச் சொல்றேன். பெட்ரோல் பங்க், டீக்கடை, டோல்கேட், விளக்குக் கம்பம், சர்வீஸ் ரோடு, எது முதல்ல வருதோ அங்க நிறுத்துங்க.

உருட்டவே முடியாதுன்னா, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நிக்காதீங்க. தடுப்புக் கம்பி இருந்தா வண்டியை விட்டுட்டு நீங்க கம்பிக்கு அந்தப் பக்கம் போயிடுங்க. வண்டி போனா இன்சூரன்ஸ் இருக்கு. ஒருத்தர் ரிப்பேர் பார்த்தா இன்னொருத்தர் போக்குவரத்தைப் பார்த்து நிக்கணும், வீடியோ பார்த்துக்கிட்டு இல்லை. நின்னுட்டு இருக்கிற லாரிக்குப் பின்னாடி மறைவா நிறுத்துறது பாதுகாப்புன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். அந்த லாரியிலேயே வந்து இடிக்கிறவங்க இருக்காங்க.

இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, 2022-ல மட்டும் நம்ம நாட்டுல சாலை விபத்துல இறந்தவங்க 1,68,491 பேர். மத்திய அரசோட கணக்கு. அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல இருசக்கர வண்டியில வந்தவங்க.

சரி, இப்ப ரிப்பேர் சாமானுக்கு வர்றேன். இங்கேயும் என் அளவுகோல் ஒண்ணுதான்: எது நீங்க ரோட்டோரம் நிக்கிற நேரத்தைக் குறைக்குமோ அது பையில வரணும். குறைக்காதது வீட்டுல இருக்கட்டும்.

பஞ்சர்லேருந்து ஆரம்பிக்கலாம். நம்ம ஏரியா ரோடு உங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி உருக்காலைகளுக்கு பழைய இரும்பு ஏத்திப் போற லாரிங்க ஆணி, கம்பித் துண்டு எல்லாத்தையும் சிந்திக்கிட்டே போகும். உங்க டயர் டியூப்லெஸ்ஸா டியூப் டயரான்னு முதல்ல பாருங்க. டயரோட பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும். நிறைய பேருக்கு இது தெரியாது, நேத்து எங்க வார்டு பாய்கிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல.

டியூப்லெஸ்னா நீங்களே சரி பண்ணலாம். சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம். டி வடிவக் கைப்பிடி போட்ட ரெண்டு ஊசி, பிசுபிசுன்னு ஒட்டுற ரப்பர் திரி, கொஞ்சம் பசை, ஒரு பிளேடு. முந்நூறு ரூபாய்க்குள்ள கிட் கிடைக்கும். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை ரம்பம் மாதிரி இருக்கிற ஊசியால குடைஞ்சு, திரியைக் கோத்த ஊசியை உள்ளே செலுத்தி, வெடுக்குன்னு வெளியே இழுத்தா திரி உள்ளேயே தங்கிடும். காத்து அடிக்கணும். பழகினவருக்குப் பத்து நிமிஷம். பழகாதவருக்கு முக்கால் மணி நேரம், கை முழுக்க வெட்டு. அதனால பழைய டயர் ஒண்ணு கிடைச்சா பஞ்சர் கடையில ஒரு தடவை செஞ்சு பார்த்துட்டு வாங்க. அண்ணன்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தா சொல்லித் தருவாங்க. எனக்கு அப்படித்தான் கத்துக் கொடுத்தார் ஒருத்தர், மீஞ்சூர்ல.

காத்து அடிக்க பேட்டரியில ஓடுற சின்ன பம்ப் வந்திருக்கு. ரெண்டாயிரம் ரூபாய் ஆகும். நாலு பேர் சேர்ந்து போறீங்கன்னா நாலு பேருக்கும் ஒண்ணு போதும். முந்தின நாள் சார்ஜ் போட மறந்துட்டா செங்கல்லுக்குச் சமம். கால் பம்ப்பும் தாராளமா ஓடும்.

டியூப் டயர்னா உண்மையைச் சொல்றேன், ராத்திரி ரோட்டோரம் நீங்க அதைப் பண்ண வேண்டாம். சரியான அளவுல புது டியூப் ஒண்ணு வாங்கிப் பையில வைங்க. அது பஞ்சர் கடைக்காரருக்கு. வால்வு கிட்ட டியூப் கிழிஞ்சா ஒட்ட முடியாது. ராத்திரி ஒரு மணிக்கு அவர்கிட்ட உங்க அளவு இருக்காது. அப்பதான் விடியற வரைக்கும் ரோட்டுல நிப்பீங்க.

டெயில் லேம்ப் பல்பு. யாருமே எடுத்துட்டுப் போறதில்லை. எல்இடி இல்லாத பெரும்பாலான வண்டிக்கு 12 வோல்ட், 21/5 வாட் பல்பு. விலை ஒரு டீ, ரெண்டு வடை. உங்க வண்டிக்கு எதுன்னு கடையில காட்டிக் கேட்டு வாங்கிக்கோங்க. கூடவே ஒரு ஃப்யூஸ். கிளம்பும் முன்னாடி ஒருத்தரைப் பின்னாடி நிக்க வச்சு டெயில் லேம்ப், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் பையைக் கட்டின பிறகும் தெரியுதான்னு பாருங்க. பையைக் கட்டறதுக்கு முன்னாடி பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

கிளட்ச் கேபிள், செயின் லாக், பிளக், பிளக் ஸ்பேனர். இது உங்களுக்கே தெரியும், நான் சொல்ல ஒண்ணும் இல்லை. கேபிளை மட்டும் சுருட்டிப் பையில வைக்காம, பழைய கேபிளோட சேர்த்து அதே பாதையில இழுத்து டேப் சுத்தி விட்டுடச் சொல்லுவார் எங்க மெக்கானிக். அறுந்தா ரெண்டு முனையை மட்டும் மாத்தினாப் போதும்.

தலைக்கு மாட்டிக்கிற டார்ச் ஒண்ணு. நெத்தி டார்ச். செல்போனை வாயில கவ்வினா ரெண்டு பிரச்சனை. ஒண்ணு, எச்சில். இன்னொண்ணு, அடிபட்டா 108-க்கு யாருக்கும் போன் இருக்காது. அந்தத் தம்பியோட போன் அன்னைக்குக் கிடைக்கவே இல்லை.

செயின் பத்தி தனியா ஒரு வார்த்தை. ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள் செயினுக்கு எண்ணெய் போடுவீங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கியரைப் போட்டு, ஓடுற செயின்ல துணியைப் பிடிச்சுத் துடைப்பாங்க பாருங்க. துணியோட விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள்ள போயிடும். விரல் நுனி துண்டா வந்துடும். பண்டிகைக்கு முந்தின வாரம் இந்தக் கேஸ் இல்லாம நான் டூட்டி பார்த்ததா ஞாபகம் இல்லை. இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல போட்டு, கையால சக்கரத்தைச் சுத்திச் சுத்தி எண்ணெய் போடுங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகும். செயின் ரொம்பத் தொங்குதான்னும் பாருங்க. வண்டியோட புக்ல அளவு இருக்கும், நம்ம சாதாரண பைக்குகளுக்கு பெரும்பாலும் 20லேருந்து 30 மில்லிமீட்டர் ஆட்டம். அந்தத் தம்பியோட செயின் கழண்டதுக்கு அதுதான் காரணம்னு அவரே பின்னாடி சொன்னார். வேலை அவசரத்துல பார்க்கலையாம்.

ஒருவேளை விரல் துண்டானா என்ன பண்ணணும்? துண்டைத் தேடி எடுங்க. அழுக்கா இருந்தா சுத்தமான தண்ணியில மெதுவா அலசுங்க, தேய்க்காதீங்க. ஈரமான சுத்தத் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு இறுக்கிக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸ் தண்ணி இருக்கிற இன்னொரு கவருக்குள்ள வைங்க. ஐஸ் நேரா விரல்ல படக் கூடாது. பட்டா உறைஞ்சு செத்துடும். ஐஸ் கட்டிக்குள்ள நேரா புதைச்சுக் கொண்டு வர்றவங்க நிறைய பேர். நல்ல எண்ணத்துலதான் செய்யறாங்க, ஆனா பார்க்கவே மனசு உடைஞ்சுடும்.

வடசென்னைக்காரங்களுக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. ஸ்டான்லி மருத்துவமனையில பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-ல கைக் காயங்களுக்குன்னே தனிப் பிரிவு ஆரம்பிச்சார். தொழிற்சாலைகள் நிறைஞ்ச பகுதிக்குப் பக்கத்துல அப்படி ஒரு இடம் தேவைன்னு அன்னைக்கே ஒருத்தர் நினைச்சிருக்கார். எங்க பக்கத்திலிருந்து எத்தனையோ கைகள் அங்க போய்த்தான் திரும்ப வேலைக்கு வந்திருக்கு.

அடுத்து, பையை எப்படிக் கட்டறது? ரெண்டு முனையிலும் கம்பிக் கொக்கி வச்ச எலாஸ்டிக் கயிறு எல்லார் வண்டியிலும் இருக்கும். இழுத்து மாட்டும்போது கை வழுக்கினா அந்தக் கொக்கி நேரா முகத்துக்குத்தான் வரும். கண்ணுக்குள்ள ரத்தம் கட்டி, பார்வையே போற அளவுக்கு அடி விழும். கண் டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சாதாரண நைலான் கயிறோ பக்கிள் போட்ட பட்டையோ போதும். எலாஸ்டிக்தான் இருக்குன்னா, ஹெல்மெட்டைப் போட்டு கண்ணாடியை இறக்கிட்டு மாட்டுங்க. சிரிப்பாங்க, பரவாயில்லை. கட்டி முடிச்சதும் மிச்சக் கயிறு தொங்குதான்னு பாருங்க. தொங்குற கயிறு சக்கரத்துல சுத்தினா வண்டி ஓடும்போதே பின்சக்கரம் பூட்டிக்கும்.

ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் முதுகுப் பையில வேண்டாம். மல்லாந்து விழுந்தா முதுகெலும்புக்கும் தாருக்கும் நடுவுல இருக்கிறது அந்த இரும்புதான். பேண்ட் பாக்கெட்லயும் வேண்டாம். சீட்டுக்கு அடியில, இல்லைன்னா சைடு பாக்ஸ்ல துணி சுத்தி வைங்க. முதுகுப் பையில துணிமணி மட்டும். அம்மாவுக்கு வாங்கின புடவை முதுகைக் காப்பாத்தும்.

முதலுதவிப் பொருள்னு ஆன்லைன்ல நாற்பது அயிட்டம் போட்ட சிவப்புப் பெட்டி விக்கறாங்க. டாக்டரா சொல்றேன், அதுல முப்பத்தஞ்சு உங்களுக்குத் தேவைப்படாது. ஸ்டெரைல் காஸ் துணி பாக்கெட் நாலஞ்சு, அகலமான சுருள் பேண்டேஜ் ரெண்டு, பிளாஸ்திரி, ஒரு ஜோடி கையுறை, ஒரு லிட்டர் தண்ணி, ரெண்டு பாக்கெட் ஓஆர்எஸ். முடிஞ்சது.

ரத்தம் கொட்டினா காஸை வச்சு உள்ளங்கையால அழுத்துங்க. பத்து நிமிஷம். நடுவுல நின்னுடுச்சான்னு எடுத்துப் பார்க்காதீங்க, பார்த்தா திரும்ப ஆரம்பிக்கும். நனைஞ்சா அதுமேலேயே இன்னொண்ணு வச்சு அழுத்துங்க. மஞ்சள், காப்பித்தூள், கிரீஸ், பெட்ரோல் எதுவும் காயத்துல போடாதீங்க. பெட்ரோல் ஊத்தினா கிருமி சாகும்னு ஒரு அண்ணன் என்கிட்டயே வாதாடினார்.

சைலன்சர்ல கால் சுட்டா ஓடுற தண்ணியில இருபது நிமிஷம். டூத் பேஸ்ட் வேண்டாம். சாம்பல் லாரி பின்னாடி போய் கண்ணுல தூசி விழுந்தா தேய்க்காம தண்ணி விட்டுக் கழுவுங்க. அதுக்கப்புறமும் உறுத்தினா கைக்குட்டை நுனியால எடுக்கப் பார்க்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க. எல்லாத்துக்கும் மேல, ஹெல்மெட் வாரைப் பூட்டுங்க. ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் மரணத்தை 42 சதவீதமும் குறைக்குதுன்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை சொல்லுது. வாரைப் பூட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்னாடியே பறந்துடும்.

பர்ஸ்ல ஒரு சின்னச் சீட்டு. பேர், ரத்த வகை, சர்க்கரை, வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தா அது, சாப்பிடுற மாத்திரை, எந்த மருந்து ஒத்துக்காது, வீட்டுல யாருக்கு போன் பண்ணணும். பேனாவால எழுதுங்க. போன் பூட்டியிருக்கும், உடைஞ்சிருக்கும், காணாமப் போயிருக்கும். ‘அம்மா’ன்னு சேவ் பண்ணின நம்பர் அந்த நேரத்துல எங்களுக்குக் கிடைக்கறதில்லை.

சளி மாத்திரை பையில இருக்கும், மார்கழிப் பனி. அதை ஓட்டறதுக்கு முன்னாடி போடாதீங்க. குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை தூக்கத்தைத் தள்ளும். நைட் ஷிப்ட் முடிச்ச உடனே கிளம்பறவங்களுக்கு இன்னொண்ணு: 17 மணி நேரம் தூங்காம இருந்தா மூளை, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கிற மாதிரி தடுமாறுதுன்னு 1997-லேயே ஆஸ்திரேலியாவில ஆய்வு பண்ணிச் சொல்லிட்டாங்க. நம்ம சட்டத்துல பிடிக்கிற அளவே 0.03. ஊதச் சொன்னா காத்துதான் வரும், ஆனா ஓட்டறது போதையிலதான். நாலு மணி நேரம் தூங்கிட்டுக் கிளம்புங்க. அம்மா காத்திருப்பாங்க.

நம்பர் ரெண்டு. 108 எல்லாருக்கும் தெரியும். தேசிய நெடுஞ்சாலையில வண்டி நின்னாலும் அடிபட்டாலும் 1033. பரனூர், ஆத்தூர் டோல்கேட்ல வெளிச்சம் இருக்கும், ஆள் இருப்பாங்க. வண்டியில சின்ன சந்தேகம் வந்தாலும் அங்க நிறுத்திப் பார்த்துக்கோங்க.

காசு இல்லைன்னு யாரும் ஆஸ்பத்திரிக்குத் தயங்க வேண்டாம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்துல விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்துல இருக்கிற தனியார் மருத்துவமனையிலும்தான். ஆரம்பிக்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரைன்னு அறிவிச்சாங்க. 2021 டிசம்பர் 18-ல மேல்மருவத்தூர்ல தொடங்கினாங்க, நீங்க போற அதே ஜிஎஸ்டி ரோட்டுல. காப்பீட்டு அட்டை வேண்டாம். தமிழ்நாட்டுக்காரரா இருக்கணும்னும் இல்லை. ஒடிசா, பீகார்லேருந்து வந்து உங்க கூட வேலை பார்க்கிறவங்களுக்கும் இதைச் சொல்லுங்க. ரோட்டுல யாராவது கிடந்தா தூக்கிட்டு வாங்க. உங்க பேரைச் சொல்லியே ஆகணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலேயே திருத்தம் கொண்டு வந்தாச்சு. அன்னைக்கு அந்தத் தம்பி காலை துண்டால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஆம்புலன்ஸ்ல கூட வந்தவர் அந்த வழியா வந்த ஒரு தண்ணி லாரி டிரைவர். பேர் சொல்லாமயே போயிட்டார். அவர் பிடிச்ச பிடிதான் எங்ககிட்ட வரைக்கும் உயிரைக் கொண்டு வந்தது.

போன மாசம் அந்தத் தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துல செயற்கைக் கால் போட்டிருக்காங்க. நடை நல்லா வந்துடுச்சு. அதே கம்பெனியில ஸ்டோர்ல உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்காங்களாம். அன்னைக்கு நான் பட்டியல் போட்டதைச் சொன்னேன். டூல்ஸ் கட்டைப் பத்திச் சொன்னதும் சிரிச்சார். “எல்லாம் எடுத்து வச்சேன் சார்”னார். அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல.

பொங்கலுக்கு எப்படிப் போறீங்கன்னு கேட்டேன். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாச்சுன்னார். வண்டியை என்ன பண்ணினீங்கன்னு கேட்டேன்.

“சரி பண்ணி தம்பிகிட்ட கொடுத்துட்டேன் சார். அவனும் இங்கதான் சிப்காட்ல சேர்ந்திருக்கான். டெயில் லேம்ப்பை மறைச்சு பை கட்டாதடான்னு போன்ல தினமும் சொல்றேன். சரிண்ணா சரிண்ணாங்கறான். நேத்து ரூம் வாசல்ல நிக்குது சார் வண்டி, ரெயின் கோட்டைக் கட்டி வச்சிருக்கான்.”